போட்டோவில் வந்த கன்னி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் வருஷம் சித்திரை மாதம், பழங்காநத்தம் ரேஷன் கடையில் நின்ற வரிசையைவிட நல்லகாமனின் போட்டோ ஸ்டூடியோ வாசலில் நின்ற வரிசை நீளமாக இருந்தது. ரேஷன் கடையில் புழுங்கலரிசிதான் கிடைக்கும். ஸ்டூடியோவில் பேய் கிடைத்தது.

பேய் என்று நான் சொல்கிறேன். அந்த வரிசையில் நின்று அப்படிச் சொல்லியிருந்தால் என் பல் என்னிடம் இருந்திருக்காது. கன்னி என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகாமலே செத்துப்போன பெண் ஒருத்தி ஆசை அடங்காமல் அலைகிறாளாம். கல்யாண வயதில் நிற்கிற பெண்ணைக் கண்டால் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்வாளாம். பெற்ற தாயின் கண்ணுக்குக்கூடத் தெரியமாட்டாள். நல்லகாமனின் கேமராவுக்கு மட்டும் ஆடாமல் அசையாமல் போஸ் கொடுப்பாள். மதுரை டவுனில் தெருவுக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. அங்கே எல்லாம் அவள் எட்டிப் பார்ப்பதில்லை. கன்னிக்கும் ராசியான கடை என்று ஒன்று உண்டு போலிருக்கிறது.

திருவாதவூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். ஆனையூரிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். பெண்ணை நடுவில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் சித்தியும் அத்தையும் காவலுக்கு உட்கார்ந்து வந்தார்கள். ஸ்டூடியோ வாசலில் எலுமிச்சம்பழக் கடை மூன்று முளைத்தது. எதிரே இருந்த டீக்கடைக்காரர் காளை, இரண்டு பெஞ்சு கூடுதலாக வாங்கிப் போட்டார். கன்னி யாரைப் பிடித்தாளோ இல்லையோ, காளைக்கு நல்ல காலம் பிடித்தது.

நடைமுறை சுலபமானது. பெண்ணை உட்கார வைத்துப் போட்டோ எடுப்பார்கள். மறுநாள் பிரிண்டில் பெண்ணின் இடது தோளுக்கு மேலே பாலைக் கொட்டிவிட்டதுபோல வெள்ளையாக ஒரு புகை நிற்கும். அதைப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் கோடாங்கி பேயாண்டியிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்ப்பார். "இந்தா தலைமுடி விரிஞ்சு கெடக்கு. இந்தா கை. கையில எதையோ வச்சிருக்கா" என்பார். அவர் சொன்னதும் பார்க்கிறவர்களுக்கும் கை தெரியும். மேகத்தில் யானை தெரிகிற ஊரில் புகையில் கை தெரிவதற்கு என்ன கேடு?

இந்தப் பேயாண்டி முன்பு ஊர் ஊராக உடுக்கடித்துக் குறி சொன்னவர். கடைசி சில வருஷங்களில் உடுக்கைச் சத்தத்துக்கு நாய்தான் வந்தது, ஆள் வரவில்லை. விஞ்ஞானம் வந்தால் இந்தக் கூட்டம் ஒழிந்துவிடும் என்று படித்தவர்கள் பேசுகிறார்கள். பேயாண்டி ஒழியவில்லை. உடுக்கையைப் பரணில் போட்டுவிட்டுக் கேமராவைப் பிடித்துக்கொண்டார்.

சிறிய கன்னி என்றால் சேவலோடு போய்விடுவாள். கொஞ்சம் பெரியவளுக்கு ஆடும் பட்டுச்சேலையும் வேண்டும். அதற்கும் அசையாதவளுக்குக் கண்மாய்க்கரைப் புளியமரம். செவ்வாய்க்கிழமை அந்த மரத்தடியில் பெண்ணை நிறுத்தி, சாட்டையால் அடித்து, அவள் உச்சி முடியில் ஒரு கொத்தைப் பிடுங்கி மரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள். கன்னி அந்த ஆணியில் மாட்டிக்கொள்வாளாம். கன்னி மாட்டினாளா என்று தெரியாது. பெண்ணின் தலையில் சொட்டை விழுந்தது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இது எப்படித் தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஆயுத பூஜைக்கு நல்லகாமன் தன் ஸ்டாண்டு கேமராவுக்குச் சந்தனம் பூசினார். சுத்தியல், அரிவாள் என்றால் பூச இடம் தெரியும். கேமராவுக்கு நெற்றி எங்கே இருக்கிறது? முன்னால் உருண்டையாக இருக்கிற கண்ணாடிதான் நெற்றி என்று பக்தி சொல்லிற்று. லென்ஸில் சந்தனத்தைக் குழைத்துப் பூசிக் குங்குமமும் வைத்தார். மறுநாள் ஈரத்துணியால் துடைத்து, காயாமலே தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது.

கார்த்திகையில் எடுத்த முதல் கல்யாணப் பெண்ணின் படத்தில் லேசாக ஒரு வெள்ளை விழுந்தது. பெண்ணைப் பெற்றவர் சண்டைக்கு வருவாரே என்று நல்லகாமன் பயந்துபோய்ப் பேயாண்டியிடம் ஓடினார். பேயாண்டி ஒருமுறை படத்தைப் பார்த்தார், ஒருமுறை நல்லகாமனைப் பார்த்தார். இரண்டிலும் அவருக்கு வருங்காலம் தெரிந்தது. அன்றே கேமராவுக்கு நியமம் விதித்தார். வெள்ளிதோறும் லென்ஸுக்குச் சந்தனம் சாத்த வேண்டும். மஞ்சள் நீரில் நனைத்த துணியால் கேமராவைச் சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் லென்ஸைக் கழற்றக் கூடாது. கழற்றினால் கன்னி கழற்றியவன் குடும்பத்தில் இறங்குவாள். நல்லகாமன் ஒரு வெள்ளியும் தவறாமல் செய்தார். கன்னியும் மாதத்துக்கு மாதம் பெருத்துக்கொண்டே வந்தாள்.

ஆண்களின் படத்தில் மட்டும் அவள் வருவதில்லை. அதற்கும் பேயாண்டியிடம் விளக்கம் இருந்தது. கன்னிக்கு ஆம்பளை என்றால் வெட்கமாம். செத்த பிறகும் அடக்கமான பெண்.

இந்தக் கன்னி கடைசியில் போய் உட்கார்ந்த தோள் ஒச்சம்மாளுடையது. மில் தொழிலாளி கருத்தக்கண்ணனின் மகள், இருபத்துமூன்று வயது. டவுனில் ஒரு கல்லூரியின் லேபில் உதவியாளர் வேலை. நாற்பது மைக்ராஸ்கோப்பைத் துடைத்துப் பாதுகாத்து, மாணவிகளுக்கு எடுத்து வைப்பது அவள் பொறுப்பு. அவளுக்கு ஆனையூர் காசிமாயனின் மகன் முத்திருளனைப் பேசி முடித்திருந்தார்கள். பையனும் பெண்ணும் பார்த்துப் பிடித்துப்போன சம்பந்தம். சிங்கப்பூரில் இருக்கிற தாய்மாமனுக்கு அனுப்ப ஒரு போட்டோதான் பாக்கி. அதை எடுத்தார்கள். படத்தில் புகை தோளைத் தாண்டிக் கன்னம் வரைக்கும் வந்திருந்தது.

பேயாண்டி படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சேவலுக்கும் ஆட்டுக்கும் அடங்காதவள், நேராகப் புளியமரம்தான் என்றார். ஆனையூரிலிருந்து காசிமாயன் சொல்லியனுப்பினார். வருகிற செவ்வாய்க்கிழமை தன் கண் முன்னால் ஆணி அடித்தாக வேண்டும். பெண் வேலைக்குப் போகிற வழியில்தான் கன்னி பிடித்திருக்கிறாள், அதனால் வேலையையும் விட வேண்டும். இல்லையென்றால் சம்பந்தம் கிடையாது. ஒச்சம்மாளின் தாய் சோலையம்மாள் மூன்று நாள் சாப்பிடாமல் அழுதாள். கருத்தக்கண்ணன் மகள் முகத்தைப் பார்க்காமலே சரி என்று சொல்லிவிட்டார். மில்லில் மேஸ்திரியிடம் எதிர்த்துப் பேசி மெமோ வாங்குகிற மனிதர், கோடாங்கி முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை மலையம்மாள் வந்தாள். திருவாதவூர்க்காரி. கல்லூரி விடுதியில் சமையல் வேலை பார்க்கிறவள். வெயில் காலத்திலும் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு திரிவதை ஒச்சம்மாள் பார்த்திருக்கிறாள், ஏன் என்று கேட்டதில்லை. அன்று அவளே முக்காட்டை எடுத்துக் காட்டினாள். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை.

"தை மாசம் அடிச்சாக. முதுகுலயும் இருக்கு. அம்புட்டும் வாங்கிக்கிட்டேன், அதுக்குப் பெறகும் அந்தக் கல்யாணம் நடக்கல. நீ எங்கயாச்சும் ஓடிப் போயிரு தாயி" என்றாள். தன் போட்டோவை நாலாக மடித்து இடுப்பில் வைத்திருந்தாள். ஏன் அதை இன்னும் கிழித்துப் போடவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒச்சம்மாள் அதை வாங்கித் தன் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மலையம்மாளைப் பிடித்ததும் இடது தோள், தன்னைப் பிடித்ததும் இடது தோள். அதே சாய்வு, அதே வளைவு. மலையம்மாள் படத்தில் கொஞ்சம் சிறியதாக இருந்தது, தன் படத்தில் பெரிதாக இருந்தது. இரண்டு பேருக்கும் பின்னால், அதே இடது பக்கம், தலைப்பூ பளிச்சென்று மின்னியது. கல்யாணப் பெண்களை எடுக்கும்போது மட்டும் முதுகுப்பக்கம் நல்லகாமன் ஒரு பெரிய லைட்டைப் போடுவது அவளுக்கு ஞாபகம் வந்தது. மல்லிகைப்பூ மின்ன வேண்டும் என்பதற்காக. ஆண்களுக்குப் பூ ஏது, அந்த லைட் ஏது?

ஈரமான பெட்டிக்குள் கண்ணாடி மேல் வெள்ளையாக வளர்கிற ஒன்றை அவளுக்கு நன்றாகத் தெரியும். மழைக்காலம் முடிந்து லேபைத் திறந்தால் மைக்ராஸ்கோப்பு லென்ஸில் அதைத் துடைப்பதே அவளுக்கு ஒரு வாரத்து வேலை. நாலு நாள் ஈரமாகக் கிடக்கிற செருப்பில் வருவதும் ஊறுகாய்ச் சாடியில் வருவதும் அதுதான். அதற்குப் பெயர் பூஞ்சை. அதற்கு இதுவரை யாரும் பட்டுச்சேலை வாங்கிக் கொடுத்ததில்லை.

அவள் அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. நானூறு ரூபாய் மாதச் சம்பளத்துக்குத் தான் தினம் துடைத்துப் போடுகிற அழுக்கு, தன் முடியைக் கேட்கிறதே என்ற கோபம்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே ஸ்டூடியோ வாசல் நிறைந்துவிட்டது. புளியமரத்துக்கு ஊர்வலம் அங்கிருந்துதான் புறப்படும். பேயாண்டி கையில் வேலோடு, நெற்றி கொள்ளாத குங்குமத்தோடு நின்றார். ஆனையூர்க் கூட்டம் வந்து இறங்கியது. முன்னால் காசிமாயன், அவருக்கும் முன்னால் அவர் மீசை. பின்னால் மாப்பிள்ளை முத்திருளன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒச்சம்மாள் நேராகக் காசிமாயனிடம் போனாள்.

"மாமா, நீங்க சொன்னபடி மரத்தடிக்கு வாரேன். அதுக்கு முன்ன நான் ஒண்ணு கேக்குறேன். நான் ஒக்காந்த அதே நாற்காலியில நீங்க ஒக்காந்து ஒரு போட்டோ எடுத்துக்கிரணும்."

காசிமாயனுக்கு அதில் ஆட்சேபணை எதுவும் தோன்றவில்லை. மீசையைப் படம் எடுக்கிறேன் என்று யார் சொன்னாலும் அவர் மறுப்பதில்லை. பேயாண்டிதான் குறுக்கே வந்தார். நேரம் தவறுகிறது, கன்னிக்குக் கோபம் வரும் என்றார். கன்னி ஆண்கள் பக்கம் வரமாட்டாள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், பிறகு மாமாவுக்கு என்ன பயம் என்று ஒச்சம்மாள் கேட்டாள். பயம் என்ற சொல்லைக் கேட்டதும் காசிமாயன் ஸ்டூடியோவுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லகாமண்ணே, எனக்கு எம்புட்டு லைட்டு போட்டீகளோ அம்புட்டும் மாமாவுக்கும் போடுங்க. முதுகுப்பக்கம் உள்ளதையும்."

"அது பொம்பளைகளுக்குப் போடுறது" என்று பேயாண்டி அவசரமாகச் சொன்னார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். வாசலில் நின்ற நாலைந்து பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கோடாங்கிக்குப் பேயைப் பற்றித் தெரியலாம், லைட்டைப் பற்றி எதற்கு இவ்வளவு தெரிகிறது?

மூன்று படம் எடுத்தார்கள். பின்லைட்டைப் போட்டுக் காசிமாயன். அதே நாற்காலியில் பேயாண்டியின் வேலைச் சாய்த்து வைத்து, அதே லைட்டில் ஒரு படம். மூன்றாவது, அந்த லைட்டை அணைத்துவிட்டு ஒச்சம்மாள். நல்லகாமன் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காளை கடையில் பால் தீர்ந்துபோனது.

ஒரு மணி நேரம் கழித்து ஈரம் சொட்டச் சொட்ட மூன்று படங்களையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார் நல்லகாமன். அவர் முகம் சரியில்லை. காசிமாயன் முதல் ஆளாகக் குனிந்து பார்த்தார். கன்னி அவர் தோளில் உட்கார்ந்திருந்தாள். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. மீசையின் இடது முனையை அவள் முழுசாக மூடியிருந்தாள்.

கூட்டம் முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. பிறகு டீக்கடைப் பக்கமிருந்து ஒரு குரல், "மாப்ள, சம்பந்திக்கு இந்த வயசுல கல்யாண யோகம்டா" என்றது. சிரிப்பு பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது. அடுத்த படத்தில் வேலின் மேலும் கன்னி இருந்தாள். பேய் ஓட்டுகிற வேலிலேயே பேய் குடியிருந்தது. ஒச்சம்மாள் படத்தில் மட்டும் ஒன்றுமில்லை. அவள் முகம்தான் இருந்தது.

ஒச்சம்மாள் பேயாண்டி பக்கம் திரும்பினாள்.

"மாமா மீசைய எந்த மரத்துல ஆணி அடிக்கிறது, கோடாங்கியாரே?"

பேயாண்டி அசரவில்லை. நாற்பது வருஷத் தொழில் அது. வேலின் மேல் இருப்பது அருள், பெரிய மனிதர் மேல் இருப்பது குலசாமியின் ஒளி என்றார். கூட்டத்தில் சிலர் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார்கள். நம்ம ஆட்களுக்கு அந்தக் கை தானாகவே எழும்பும்.

"அதே லைட்டு, அதே நாற்காலி. பொம்பளை மேல விழுந்தா பேயி, மீசை மேல விழுந்தா சாமியா? சரி, அந்தச் சாமிய எல்லாரும் நேர்லயே பாத்துருவோம். அண்ணே, லென்ஸக் கழட்டுங்க."

நல்லகாமன் லென்ஸில் கை வைக்கவே மறுத்தார். அவருக்கு உண்மையாகவே பயம். பேயாண்டியோ ரத்தம் கக்குவீர்கள் என்று கத்தினார். காசிமாயன் முன்னால் வந்தார். ஊர் சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதருக்கு இனி ரத்தம் கக்க என்ன தயக்கம்? "கழட்டுடா, கக்குனா நான் கக்கிக்கிறேன்" என்றார். நல்லகாமன் லென்ஸைத் திருகிக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

ஒச்சம்மாள் அதை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள். கண்ணாடிக்குள் வெள்ளை நூல் நூலாகக் கிளை விட்டுப் படர்ந்திருந்தது. ஓரத்தில் பழைய சந்தனம் பொருக்குத் தட்டிக் கிடந்தது. லென்ஸ் கை மாறிக் கை மாறிப் போயிற்று. முதலில் பார்த்த ஆள், "இது எங்க வீட்டு ஊறுகாய்ல வாரதுதானே" என்றார். அடுத்தவர், தன் மழைக்காலத்துச் செருப்பில் வந்தது என்றார். ஆறு மாதமாகச் சேவலும் ஆடும் பட்டும் வாங்கித் தின்ற தெய்வத்தை ஆளுக்கு ஆள் அடையாளம் சொன்னார்கள்.

ஈரமும் சந்தனமும் கொடுத்து வாராவாரம் வளர்த்தது யார் என்று ஒச்சம்மாள் கேட்டாள். பின்னாலிருந்து பெரிய லைட் லென்ஸில் அடிக்கும்போது, அந்தப் பூஞ்சையில் வெளிச்சம் பட்டுச் சிதறித்தான் படத்தில் புகையாக விழுகிறது என்று விளக்கினாள். லேபிலிருந்து கொண்டுவந்த மருந்தில் மெல்லிய துணியை நனைத்து, மூடியைத் திறந்து உள்கண்ணாடியை மெதுவாகத் துடைத்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு அதே நாற்காலி, அதே பின்லைட், தலை நிறைய மல்லிகைப்பூ. அந்தப் படத்தில் பூ மின்னியது. கன்னியைக் காணோம். ஒரு துண்டுத் துணிக்குப் பயந்து போய்விட்டாள்.

இப்போது நல்லகாமனுக்கு வாய் திறந்தது. பயம் போன இடத்தில் ஆத்திரம் வந்திருந்தது.

"இந்தக் கோடாங்கியாரு மகளுக்கு மாசியில கல்யாணம் பேசுனாக. போட்டோவுக்கு இங்க கூட்டியாரல. டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி எடுத்தாரு. நான் கேட்டதுக்கு, ஒன் லென்ஸு சரியில்லப்பான்னாரு."

எல்லோரும் பேயாண்டியைத் தேடினார்கள். வேல் சுவரில் சாய்ந்திருந்தது. ஆள் பின்வாசல் வழியாகப் போயிருந்தார். ஆணி அடித்தால் நகரமாட்டாத கன்னிகளை எல்லாம் கட்டி ஆண்டவர், சந்துக்குள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்ததாகக் காளை சொன்னார். துரத்திக்கொண்டு ஐம்பது பேர் ஓடினார்கள். முந்தின நாள் அவர் காலில் விழுந்து கும்பிட்டவர்கள்தான் முன்னால் ஓடினார்கள்.

காசிமாயன் தொண்டையைச் செருமினார். நடந்தது நடந்துவிட்டது, பெண் வேலைக்கும் போகட்டும், இன்றைக்கே தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்று கருத்தக்கண்ணனிடம் சொன்னார். சோலையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டு எடுக்க ஓடினாள். ஒச்சம்மாள் தாயைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தாம்பூலம் பெறகு மாத்திக்கிரலாம் மாமா. முதல்ல மரத்துல உள்ள ஆணியப் பிடுங்கணும்."

 அப்போதுதான் முத்திருளன் தலையை நிமிர்த்தினான். எதிரே இருந்த சைக்கிள் கடையில் கொறடு ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, நான் பிடுங்குறேன் என்றான். இதை அவன் காலையிலேயே சொல்லியிருக்கலாம். ஆனாலும் சொன்னான், எழுதி வைக்கிறேன்.

பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போய்விட்டது. மீதிப் பேர் கண்மாய்க்கரைக்குப் போனார்கள். புளியமரத்தின் தூரில் பத்தொன்பது ஆணிகள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு கொத்து முடி, வெயிலிலும் மழையிலும் செம்பட்டையாகிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. முத்திருளன் ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கி, முடியை ஒரு துண்டில் வைத்தான். ஒச்சம்மாள் துண்டைப் பிடித்திருந்தாள்.

கூட்டத்திலிருந்து மலையம்மாள் முன்னால் வந்தாள். முக்காடு இல்லை. துண்டில் கிடந்த கொத்துகளை ஒன்று ஒன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். அதில் பாதிப் பேர் தை மாதத்திலும் இதே இடத்தில் நின்றவர்கள். ஆணி எத்தனை அடியில் இறங்கியது என்று எண்ணிச் சொன்னவர்கள்.

"அன்னைக்கு நல்லாப் பாத்தீகள்ல. இதுல என் முடி எதுன்னு யாராச்சும் சொல்லுங்க" என்றாள்.

 சிலர் கண்மாயைப் பார்த்தார்கள், அதில் தண்ணீர்கூட இல்லை.

கோடாங்கி ஓடிவிட்டான் என்று ஊர் இன்னும் பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கிறது. அவன் ஒரு ஆள்தான் அய்யா. சாட்டையை வாங்கிக் கொடுத்தவன், பெண்ணைப் பிடித்து நிறுத்தியவன், சுத்தியலை இரவல் தந்தவன், வேடிக்கை பார்க்கப் பிள்ளையைத் தோளில் தூக்கி வந்தவன், இவர்கள் எல்லாரும் எங்கேயும் ஓடவில்லை, இங்கேதான் இருக்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றிப் பார் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி யோசிக்கச் சோம்பல்பட்டு, பத்தொன்பது பெண்களின் தலையில் கை வைத்தோம். அடுத்த கோடாங்கி எந்தப் பஸ்ஸில் வருகிறானோ தெரியாது. அவன் இறங்குவதற்குள்ளாவது யோசிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.